டயருக்கு நைட்ரஜன்: காசு கொடுத்து அடிக்கணுமா?

"நைட்ரஜன் அடிக்கவா சார்?"னு டயர் கடையில கேட்பாங்க. என்ன பதில் சொல்லலாம்?

சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மீதியில இருக்கிற ஆக்சிஜன் ரப்பர் வழியா கொஞ்சம் வேகமா கசியும். எவ்வளவு? அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 31 மாடல் டயர்களை 30 பிஎஸ்ஐ நிரப்பி, ஒரு வருஷம் சும்மா வச்சுப் பார்த்தாங்க. சராசரியா காத்து 3.5 இறங்குச்சு, நைட்ரஜன் 2.2. அவ்வளவுதான் வித்தியாசம்.

"வெயில்ல பிரஷர் ஏறாது"ங்கிறதும் தப்பு. சூடானா ரெண்டுமே கிட்டத்தட்ட ஒரே அளவுதான் ஏறும். விமான டயர்ல நைட்ரஜன் போடுறது முக்கியமா தீ ஆபத்தைத் தவிர்க்க. நம்ம காருக்கு அந்தக் கவலை இல்லை.

உண்மையான ஆபத்து வேற. "நைட்ரஜனோட சாதா காத்து கலக்கக் கூடாது"ன்னு நம்பி, பிரஷர் குறைஞ்ச டயரோடயே ஹைவேஸ்ல 100-ல போறது. அந்த டயர் அதிகமா நசுங்கி நசுங்கிச் சூடாகும், வெடிக்கவும் செய்யும். தாராளமா கலக்கலாம், ஒண்ணும் ஆகாது.

இலவசமா கிடைச்சா நைட்ரஜன் அடிங்க. இல்லேன்னா அந்தக் காசைச் சேர்த்து ஒரு பிரஷர் காஜ் வாங்குங்க. மாசம் ஒரு தடவை, வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி, டயர் ஆறியிருக்கும்போது பாருங்க. சரியான அளவு பெரும்பாலும் டிரைவர் கதவோரம் ஸ்டிக்கர்லயே இருக்கும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.