சந்தைக்கு ஒருவர், அடுப்புக்கு ஒருவர்



கல்யாணப் பந்திக்குச் சமைப்பவர் ஆண்; வீட்டு அடுக்களையில் சமைப்பவர் பெண். நாஞ்சில் நாட்டில் வெகுகாலமாக நடந்துவரும் பாகப்பிரிவினை இது. ஐந்நூறு பேருக்கு அவியலும் எரிசேரியும் சக்கைப் பிரதமனும் அசராமல் இறக்கிவைக்கும் தவசிப்பிள்ளை, சொந்த வீட்டு அடுப்பில் ஒரு துவரன்கூட வைத்திருக்க மாட்டார். இந்த இரண்டு கைகளும் ஓரிடத்தில் சேர்வது, கணவனும் மனைவியுமாக நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில்தான். அந்தச் சமையலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் தூரம் போய் வருவோம். பிரான்சின் பிரித்தானிக் கடற்கரையில் கான்கால் என்றொரு சிற்றூர், சிப்பிக்குப் பேர்போனது. ஒலிவியே ரொலான்ஜேயும் அவர் மனைவி ஜேனும் 1982-இல், ஒலிவியே வளர்ந்த வீட்டிலேயே உணவகம் திறந்தார்கள். ரசாயனம் படித்துக்கொண்டிருந்தவர் ஒலிவியே. 1976-இல் முரடர்கள் சிலர் அடித்துப் போட்டதில் பிழைத்ததே பெரிது. நெடுநாள் படுத்துக் கிடந்து எழுந்த பிறகுதான் கரண்டியைப் பிடித்தார். அந்தக் கடலில் கிடைப்பது, அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் விளைவது, இவ்வளவுதான் சமையல். 2006-இல் மிஷலின் மூன்றாம் நட்சத்திரம் வந்தது. 2008-இல், உடம்பு தாங்கவில்லை என்று அவரே அதை மூடினார்.

ஒலிவியேயுடையது உள்ளூர்ச் சமையல்தான், ஆனால் மீனில் மிளகும் இந்தியப் பக்கத்து மசாலாவும் மணக்கும். பக்கத்துத் துறைமுகமான சான் மாலோ, கீழை நாடுகளுக்குக் கப்பல் விட்ட ஊர் அல்லவா? நம் பக்கமும் அந்த வியாபாரத்துக்கு வெளியே இல்லை: 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை முறியடித்ததற்குப் பின்னாலும் மிளகு வியாபாரம்தான் இருந்தது. நம் மரச்சீனி, அதாவது மரவள்ளி, மட்டும் என்ன, தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் 1880-களில் பரப்பினார். இன்று மரச்சீனியும் மீன்கறியும் இல்லாத குமரி மாவட்டம் உண்டா? உள்ளூர் என்பதைப் பரிசுத்தம் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பருவம் என்பது வேறு விஷயம். அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. குமரிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழை. நெல்லும் கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு போகம். பங்குனி, சித்திரையில் சக்கை, அதாவது பலா, குவியும். பிஞ்சு துவரனுக்கு, விளைந்த சுளை புழுக்குக்கு, பழம் பிரதமனுக்கு. கொட்டையை மணலில் போட்டுவைத்தால் ஆடி மழைவரைக்கும் வரும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது; வள்ளத்து மீனுக்கு விலை ஏறிவிடும். அப்போது நல்ல கடையில் சக்கைக்கொட்டையும் முருங்கைக்காயும் கருவாடும் இலைக்கு வரும். வடசேரிச் சந்தைக்கு விடியுமுன் போன கணவர் வழுதலங்காயோடு வந்தால் மனைவி ஒன்று வைப்பார். பாகற்காயோடு வந்தால் வேறொன்று. விலைப்பட்டியல் அச்சடித்துத் தொங்கவிட்ட கடையில் இது நடக்காது.

தீயலைப் பாருங்கள். தேங்காய்த் துருவலும் உள்ளியும் மல்லியும் வற்றல் மிளகாயும் சின்னத் தீயில் வறுபட வேண்டும். வெள்ளை பொன்னிறமாகி, பிறகு காப்பிக்கொட்டை நிறத்துக்கு வரும். முன்னால் இறக்கினால் வெறும் தேங்காய்க் குழம்பு. ஒரு நிமிடம் பிந்தினால் கசப்பு. தண்ணீர் விடாமல் அரைக்கும்போது எண்ணெய் பிரிய வேண்டும். இதற்குக் கடிகாரம் உதவாது, மூக்குதான் உதவும். அந்த நேரத்தில் அடுப்பை விட்டு நகராமல் ஒருவர் நிற்க வேண்டுமென்றால், இலை போடவும் காசு வாங்கவும் இன்னொருவர் வேண்டும். கூட்டு வாழ்க்கையின் பயன் இலையில் தெரிவது இங்கேதான்.

கொங்கு நாட்டில், பெருந்துறைக்கு அருகே சீனாபுரத்தில் கருணைவேல், சொர்ணலட்சுமி தம்பதி வளர்த்தெடுத்த ‘யு.பி.எம். நம்ம வீட்டு சாப்பாடு’ இதே வழியில் பேர் வாங்கியது. அவர்கள் சமையலின் சுவை வேறு. ஆனால் வீட்டுக் கைப்பக்குவத்தைக் கடைக்குக் கொண்டுவந்த துணிச்சல் ஒன்றே. நம் பக்கத்துக் கடைகளில் எனக்கு ஒரு குறை உண்டு. பலகையில் சாமி பேர் இருக்கும், மகன் பேர் இருக்கும். அடுப்படியில் நிற்கிறவள் பேர் இருக்காது.

கான்கால் அருகே வேறோர் உணவகத்தில் இப்போது அடுப்பில் நிற்பவர் ஒலிவியேயின் மகன் ஹியூகோ. 2025-இல் அவருக்கும் மூன்று நட்சத்திரம். நம் கடைக்காரர்களின் பிள்ளைகள் படித்துவிட்டு பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். விடியுமுன் எழுந்து தேங்காய் துருவும் பிழைப்பைப் பிள்ளைக்கு யார் ஆசைப்பட்டுக் கொடுப்பார்? தப்பு சொல்வதற்கில்லை; அதற்காகக் கைப்பக்குவம் நின்றுபோக வேண்டியதில்லை. வேலைக்கு வந்த பீகார்ப் பையனைப் பக்கத்தில் நிறுத்தி, மணம் பார்த்து இறக்கச் சொல்லிக்கொடுத்தால், அவன் வைப்பதும் நாஞ்சில் தீயல்தான். நான் சாப்பிடத் தயார்.