நிழலைப் படிக்கும் பொறி

(ஊரப்பாக்கத்தில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



ஊரப்பாக்கத்தில் மின்தொடரி ஏறிச் சென்னை நோக்கிச் செல்வோர், தாம்பரத்தைக் கடந்ததும் 'சானடோரியம்' என்னும் நிலையத்தைக் காண்பர். நலவில்லம் என்று பொருள்படும் அயற்சொல்லே ஊர்ப்பெயராய் ஒட்டிக்கொண்ட இடம் அது. 1928ஆம் ஆண்டில் மருத்துவர் சவுரி முத்து ஈளை நோயர்க்கென அங்கொரு நலவில்லம் நிறுவினார். காசநோய் என்று வழங்கப்பெறுவதே ஈளை. தூய காற்றும் ஓய்வும் ஊட்டமுமே அன்றைய மருந்து. இன்று அவ்விடம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாய் வளர்ந்து நிற்கின்றது.

1895இல் செருமானிய அறிஞர் இராண்ட்கென் ஊடுகதிரைக் கண்டறிந்த பின்னரே, உயிரோடிருப்பவர் நெஞ்சினுள் நோக்க இயன்றது. ஆயினும் படத்தில் தெரிவது நோயன்று; நோயின் நிழல். அதனைப் படிக்கப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். கையில் தூக்கிச் செல்லும் அளவினதாய் ஊடுகதிர்ப் பொறி சிற்றூர்க்கும் வந்துவிட்டது. படிக்கும் கண்தான் வரவில்லை. அக்குறையை நிரப்ப வந்ததே ஆழ்கற்றல்.

நன்னூல் கற்றா குழந்தை 'அம்மா' என்கின்றது? கேட்டுக் கேட்டுப் பேசுகின்றது. இம்முறையிலும் கணிப்பொறிக்கு இலக்கணம் புகட்டுவதில்லை. நோயுள்ள படம், நோயில்லாப் படம் என்று பல்லாயிரம் காட்டுவர். தவறுந்தோறும் அது தன் உள்ளெண்களைச் சிறிது சிறிது திருத்திக்கொள்ளும். 2017இல் அமெரிக்க நாட்டு நலவாழ்வு நிறுவனம் இதற்கென வெளியிட்ட தொகுப்பில் மட்டும் 30,805 பேருடைய 1,12,120 படங்கள் உள்ளன. பதினைந்து அகவை நிரம்பியோரிடம் ஈளையை முதற்கண் சலித்தறிய, மருத்துவர் கண்ணுக்கு மாற்றாக இக்கருவியைக் கொள்ளலாமென 2021இல் உலக நலவாழ்வு அமைப்பும் இசைவளித்தது.

மகிழ்ச்சியே. ஆனால் காட்டியதையே கற்கும் மாணவன், காட்டாததையும் கற்றுவிடுவான்! நுரையீரல் அழற்சியைக் கண்டறியப் பழக்கிய பொறியொன்றை அமெரிக்க ஆய்வாளர் 2018இல் ஆராய்ந்தனர். படம் எந்த மருத்துவமனையினது என்பதை அது ஏறத்தாழப் பிழையின்றி உணர்ந்திருந்தது. நோயர் மிகுந்த மருத்துவமனைப் படமென்றால் நோயென்று சொல்லும் பழக்கமும் அதற்கு ஏற்பட்டிருந்தது. வேற்றிடத்துப் படங்களில் அதன் தேர்ச்சி பலகால் தாழ்ந்தது.

நம் நாட்டில் முன்பே ஈளை வந்து ஆறியவர் பலர். அவர் நெஞ்சில் தழும்பு உண்டு. தழும்பின் நிழலையும் நோயென்றே பொறி உரைத்துவிடக் கூடும். எந்த எண்ணுக்கு மேற்பட்டால் ஐயுறுவது என்னும் வரம்பை அயலார் வகுத்தபடியே வைத்துக்கொண்டால், நலமுற்றவர் அஞ்சி அலைவார். அல்லது நோயர் வீடு திரும்பித் தம் மக்களிடையே இருமிக்கொண்டிருப்பார். இரண்டாவதே கொடிது. ஆகவே இம்மண்ணின் நெஞ்சகப் படங்களைக் கொண்டு, இங்குள்ள மருத்துவர் ஆய்ந்து அவ்வரம்பை வகுத்தல் வேண்டும்.

பொறி எழுப்புவது ஐயம் மட்டுமே. கோழை ஆய்வே அதனைத் தெளிவாக்கும். அதனால் நோயர் கையில் தரும் தாள், 'நெஞ்சில் ஐயத்திற்குரிய நிழல் உள்ளது. கோழையை ஆய்வுக்குக் கொடுங்கள்' என்று அவர் படித்தறியும் தமிழில் இருத்தல் வேண்டும். வெறும் எண்ணும் ஆங்கிலமும் அச்சிட்ட தாளைப் பனையோலைக் கூரையிற் செருகி வைத்துவிட்டு அவர் வேலைக்குப் போய்விடுவார்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடிப்போர் இந்த அவையில் இருப்பின், பொறி வரும்வரை காத்திருக்க வேண்டா. அரசு மருத்துவமனைகளில் கோழை ஆய்வும் மருந்தும் கட்டணமின்றியே தரப்பெறுகின்றன.