காங்கேசன்துறை இருப்புப்பாதையும் நமது காணி உறுதியும்

(காங்கேசன்துறைக் காணி உரிமையாளர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



காங்கேசன்துறையின் பழங்கதையைக் கூறுமாறு என்னைப் பணித்தீர்கள். யான் வரலாற்றாசிரியன் அல்லன்; காணி வழக்காடுபவன். ஆதலின் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டே இக்கதையைக் கூறுகின்றேன்.

இருப்புப்பாதை வருமுன்னர் இது ஒரு கடற்றுறை. மாவிட்டபுரத்துக் காங்கேயனின் திருவுருவம் வந்திறங்கிய துறையாதலால் இப்பெயர் வாய்த்தது என்பர் முன்னோர். 1893ஆம் ஆண்டில் இங்கே வெளிச்சவீடு எழுந்தது. ஆயினும் கொழும்பு நமக்குத் தொலைதூரமாகவே இருந்தது. கடல்வழி செல்லவேண்டும், அன்றேல் வன்னிக் காட்டினூடே மாட்டுவண்டியில் நாட்கணக்காய் அலையவேண்டும்.

வடபகுதி மக்கள் புகையிரதம் வேண்டுமென்று ஆண்டுக்கணக்காகக் கேட்டனர். போட்ட பணம் திரும்புமா என்ற வாதம் கொழும்பிலே நெடிது நடந்தது. முடிவில், தேசாதிபதி றிட்ஜ்வேயின் காலத்திலே பாதை வந்தது. வந்த விதந்தான் வியப்பு! தெற்கிலிருந்து நீண்டு வந்த பாதை நம்மை எட்டுமுன்னரே, வடகோடியிலிருந்து நமது பாதை தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிட்டது. 1902 மார்ச் 11ஆம் நாள் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே வண்டி ஓடிற்று. அவ்வாண்டு செப்தெம்பரில் பளையை எட்டிற்று. கொழும்போடு தொடர்பு ஏற்பட்டதோ 1905 ஆகஸ்ட் 1ஆம் நாளில். ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள், இலங்கையின் வேறெந்தப் பாதையோடும் சேராமல் நமது வண்டி தனித்தே ஓடிற்று.

பாதையின் முடிவிடமாகவே காங்கேசன்துறை பட்டினமாயிற்று. துறைமுகமும் நிலையமும் அருகருகே அமைந்தன. நமது புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் தெற்கே சென்றன. படித்த வாலிபர் உத்தியோகம் தேடிக் கொழும்புக்குச் சென்றனர். 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிற்று.

இனி, உறுதிக்கு வருகின்றேன். 1902க்குப் பின் எழுதப்பட்ட இப்பகுதி உறுதிகள் சிலவற்றில், “மேற்கு எல்லை புகையிரதப் பாதை” என்று நொத்தாரிசு எழுதியிருப்பதை யான் கண்டிருக்கின்றேன். வேலி சாயலாம், பனை விழலாம், கிணறு தூரலாம். பாதையோ எல்லைக்குச் சாட்சி சொல்லும்.

அப்பாதைக்கும் காணி வேண்டியிருந்தது. அன்றிருந்தது அந்நிய ஆட்சி. எனினும் 1876ஆம் ஆண்டின் காணி எடுத்தற் கட்டளைச் சட்டம், உரிமையாளனை அழைத்து, அவன் கோரிக்கையைக் கேட்டு, நட்டஈடு கொடுக்க வேண்டுமென்று விதித்திருந்தது. காணி பொதுத் தேவைக்கு எடுக்கப்படலாம். ஆனால் அதற்கு உடையவன் ஒருவன் உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது.

1990 ஜூன் மாதத்தில் போரினால் வண்டி நின்றது. மக்களும் ஊரை விட்டு அகன்றனர். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பின்னர் 2013இல், வலிகாமத்தில் 6,381 ஏக்கர் நிலத்தை எடுப்பதற்கு 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்கீழ் அறிவித்தல் ஒட்டப்பட்டது. ஒரு லட்சம் பரப்புக்கும் மேல்! அறிவித்தல் கூறிய காரணம் யாது? உரிமையாளரைக் கண்டறிய இயலவில்லையாம்! முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும், கூப்பிடு தூரத்திலே, அவ்வுரிமையாளர் இருந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் படியேறி, “இதோ இருக்கின்றோம்” என்றனர்.

2015 ஜனவரியில் வண்டி மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது. மகிழ்ந்தோம். காணிகளும் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. ஆனால் வண்டி வந்த நாளிலே, தம் வளவுக்குள் கால்வைக்க இயலாமல் வேலிக்கு வெளியே நின்றவர் எத்தனை பேர்? பாதை திரும்பிற்று, பாதையை எல்லையாகக் கொண்ட காணி அனைத்தும் அன்று திரும்பவில்லை.

அன்பர்களே, ஆத்திரம் வழக்கை வெல்லாது, ஆவணம் வெல்லும். மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, இடப்பெயர்விலே உறுதியைத் தொலைத்தவர்கள் மனந்தளர வேண்டாம். நொத்தாரிசு காணிப் பதிவகத்துக்கு அனுப்பிய பிரதியைத் தேடுங்கள். இரண்டாவது, உயிரோடிருக்கும் முதியோரை அழைத்துச் சென்று, நாற்புற எல்லையையும் கேட்டு, கையொப்பத்தோடு எழுதிவையுங்கள். மூன்றாவது, தாய்மார்களே, உங்கள் சீதன உறுதிகளைப் பெட்டியின் அடியிலே போட்டுவிடாதீர்கள். கனடாவிலும் இலண்டனிலும் வாழும் பிள்ளைகளுக்கு அவற்றின் பிரதியை அனுப்புங்கள். காணியின் பெயரையும் சொல்லிக்கொடுங்கள்.

பங்காளியின் காணி விலைப்படுமுன் பங்காளிக்கே அறிவிக்க வேண்டுமென்பது தேசவழமை. அத்துணை அருமையாக மண்ணைப் பேணிய மக்கள் நாம். உரிமையாளரைக் காணவில்லை என்று நாளை எவரேனும் எழுதுவாராயின், பழைய உறுதியைக் காட்டி, பாதையையும் சாட்சிக்கு அழைப்போம்.