வறண்ட சரிவுகளுக்கு ஏற்ற மூடு பூண்டுகள்



கோயமுத்தூர், திருப்பூர், கரூர் ஜில்லாக்களின் மேட்டு நிலங்களில் மழை சொற்பம்; வெயிலோ கடுமை. அங்குள்ள செம்மண், சரளைச் சரிவுகளில் புல் பூண்டு அழிந்துவிட்டால், கோடையில் காய்ந்து இறுகிய மண்ணின்மேல் ஐப்பசி மழை நேரே அறைந்து விழுகின்றது. துளியின் அடியால் மேல்மண் கலைந்து, அதன் நுண்துகள்கள் மண்ணின் துவாரங்களை அடைத்துவிடுகின்றன. ஜலம் உள்ளே இறங்க வழியின்றி ஓடுகின்றது; மண்ணையும் எருவையும் வாரிச் சென்று கீழேயுள்ள குளத்தைத் தூர்க்கின்றது. ஆகவே, சரிவில் நேரும் நஷ்டம் அதன் சொந்தக்காரரோடு நிற்பதில்லை. குளத்துப் பாசனக்காரரையும் சேருகின்றது. ஓரங்குல மேல்மண் உண்டாக நூற்றுக்கணக்கான வருஷங்கள் செல்லும். அது போவதற்குச் சில பெருமழைகள் போதும்.

இத்தகைய சரிவுக்குச் செடி தெரிந்தெடுப்போர் அதன் மழைக்காலப் பசுமையைக் கண்டு மயங்கலாகாது. கோடையில் தழை காய்ந்தாலும் தூர் உயிரோடிருக்குமா, வேர் மண்ணை இறுகப் பற்றுமா, ஆடுமாடுகளின் வாய்க்குத் தப்புமா என்னும் மூன்றையும் பார்க்கவேண்டும். மூன்றும் ஒரே செடியில் நிறைவாக அமைதல் அரிது. ஆதலால் கலந்து விதைப்பதே உத்தமம்.

முதலாவது, கொழுக்கட்டைப் புல். காங்கேயம் பகுதியின் கொறங்காடுகளில், கிளுவை வேலிக்குள்ளே வெள்வேல மரங்களினிடையில் வளர்ந்து, மாடுகளைத் தலைமுறை தலைமுறையாகப் போஷித்து வருவது இது. கோடையில் மேலே கருகினும், மழை கண்டதும் தூரிலிருந்து துளிர்க்கும். புதிதாய்ச் சேகரித்த விதை உடனே நன்கு முளைக்காது. 6 முதல் 8 மாதம் வைத்திருந்து விதைக்கவேண்டும்.

இரண்டாவது, முயல்மசால். அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த இது, பயறு இனத்தைச் சேர்ந்ததாகையால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். புல் மூன்று வரிசைக்கு இது ஒரு வரிசையாகக் கலந்தால் தீவனமும் சிறக்கும். விதைத்தோல் கடினமாகையால், 80 டிகிரி சென்டிகிரேட் வெந்நீரில் 4 நிமிஷம் இட்டெடுத்து, இரவு முழுதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைப்பது நலம்.

மூன்றாவது, கொழிஞ்சி. இதை ஆடுமாடுகள் பெரும்பாலும் விரும்புவதில்லை. ஆகையால் காவல் போதாத சரிவுக்கு இதுவே தக்கது. வயலுக்குத் தழையுரமாகவும் உதவும். விதையை மணலோடு சேர்த்துத் தேய்த்தபின் விதைத்தால் நன்கு முளைக்கும். சரளை மிகுந்த இடங்களில் ஆவாரையையும் துணையாகக் கொள்ளலாம். அறுகு மண்ணை நன்றாகப் பிணைக்குமாயினும் உழவு நிலத்தில் புகுந்து தொல்லை தரும். காட்டுக்கு அருகில் அதை நடாதிருத்தல் விவேகம்.

சரிவு செங்குத்தாயிருப்பின், விதை முளைத்து வேரூன்றுமுன்பே வெள்ளம் அடித்துச் செல்லும். அங்கே முதலில் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டமாக, வெட்டிவேர் நாற்றுகளை 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவிட்டு வரிசையாக நடவேண்டும். அதன் வேர் பக்கங்களில் பரவாமல் ஆழமாக இறங்கும். தூர்கள் நெருங்கி வேலிபோலாகி ஓடும் ஜலத்தின் வேகத்தைத் தணித்து, வண்டலை நிறுத்தும். வரிசைகளின் இடையே முற்கூறிய விதைகளைத் தூவலாம். சரிவின் மேலிருந்து கீழாக உழுது விதைத்தல் கூடவே கூடாது, அவ்வுழவுச்சால்களே ஓடைகளாகிவிடும்.

இவ்வளவு செய்தும், முதல் வருஷம் மேய்ச்சலைத் தடுக்காவிட்டால் யாவும் வீணே. ஆனால் ஊர்ப் பொதுச் சரிவு முழுவதையும் ஒருங்கே அடைத்துவிட்டால், நாலைந்து ஆடுகளை நம்பிப் பிழைக்கும் ஏழையின் ஜீவனம் கெடும். அவர் இரவில் வேலியைத் திறப்பாராயின் குற்றம் அவருடையது மாத்திரமன்று. ஆதலின், சரிவை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியை அடைத்து மறு பாதியை மேய்ச்சலுக்கு விடவேண்டும். அடைத்த பாகத்தில் புல் தூர் கட்டியபின் அதை அறுத்தெடுக்கும் உரிமையில் ஆட்டுக்காரருக்கே முதலிடம் அளிக்கவேண்டும். புல்லால் பயனடைகிறவரே புல்லுக்குக் காவலராவார். ஊரார் கூடி இவ்வேற்பாட்டை முதலில் முடிவு செய்துகொண்டு, பின்னரே விதை வாங்கப் புறப்படுவார்களாக.