சமத்துவமும் நியாயமும்

(தூத்துக்குடியில் வாலிபர்களும் பெண்மக்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



நாம் இங்கு வரும் வழியில், மீன்பிடித் துறைமுகத்தண்டை படகு நிழலில் நாலைந்து பேர் செல்போனில் சண்டை விளையாட்டு ஆடிக் கொண்டிருக்கக் கண்டோம். அதில் ஒரு பெண் வீராங்கனையும் இருந்தாள். “ஆணுக்குள்ள பலமும் துப்பாக்கியும் அவளுக்கும் உண்டு, இதைவிடச் சமத்துவம் என்ன வேண்டும்?” என்று ஒரு வாலிபர் நம்மைக் கேட்டார். பார்த்தோம். ஆணுக்குக் கழுத்து முதல் கால் வரை கவசம். பெண்ணுக்கோ கவசம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் உடம்பு! பெண்ணைக் கண்டால் குண்டு விலகிப் போகுமா? “உன் தங்கை விளையாடுவதில்லையா?” என்றோம். “அவளுக்கு வீட்டில் வேலை இருக்கிறது” என்றார். நாம் பேச வந்த விஷயம் முழுவதும் இதிலேயே அடங்கிவிட்டது.

சமத்துவம் என்பது எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பது. நியாயம் என்பது யாருடைய கையை நாம் கட்டி வைத்திருக்கிறோம் என்று பார்த்து, முதலில் அந்தக் கட்டை அவிழ்ப்பது. கட்டை அவிழ்க்காமல் ஒரே அளவு கொடுப்பது சமத்துவத்தின் பேரால் செய்யும் மோசடியாகும்.

இந்த விளையாட்டுகளின் யோக்கியதையைப் பாருங்கள். 1981-ல் ஜப்பானியர் செய்த ‘டாங்கி காங்’கில் ஒரு பெண்ணைக் குரங்கு தூக்கிப் போய்விடும், ஆண் மீட்க வேண்டும். நம் புராணத்தில் இராட்சதன், அங்கே குரங்கு, வித்தியாசம் அவ்வளவே. 1986-ல் வந்த ‘மெட்ராய்ட்’டில் கவசத்துக்குள் இருந்தது பெண் என்பது கடைசியில்தான் தெரியும். சீக்கிரம் ஜெயித்தால் அவள் உடை குறைந்து நிற்பாள். அதுவே ஆடுகிறவனுக்குப் பரிசு! 2020-ல் புனேயில் செய்த ‘ராஜி’யில் தம்பியை மீட்க அக்காள் புறப்படுகிறாள். நல்ல மாறுதல்தான். ஆனால் அவளுக்கும் ஆயுதத்தைத் தெய்வம்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது!

நிற்க, அயலாரைச் சொல்லும் நாம் நம் கடலைப் பார்க்க வேண்டாமா? 1961-ல் இங்கு கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. மூழ்கினவர்கள் ஆண்கள். முற்காலத்தில் கரையில் நின்று மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்ன ‘கடல்கட்டி’க்குக்கூடச் சிப்பியில் பங்கு இருந்தது. பெண் படகேறினால் மட்டும் ஆகாதாம்! ஆனால் இதே மன்னார் வளைகுடாவில், பாம்பன் பக்கத்துப் பெண்கள் சேலையோடு, கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். கடல் வற்றிப் போய்விடவில்லை. அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசும் கிடைத்தது.

1986-ல் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. தடை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் விசைப்படகுக்காரருக்கு ஆழ்கடல் இருக்கிறது. பாசி எடுக்கும் பெண்ணுக்குத் தீவோரத்து ஆழமில்லாத கடல்தானே உண்டு? பவளப்பாறையைக் காப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. அந்த நஷ்டம் முழுவதும் ஏழைப் பெண் தலையில் விழலாமா என்பதே நம் கேள்வி.

“அப்படியானால் பெண்களுக்குச் சலுகை கேட்கிறீர்களா?” என்பார்கள். நாம் கட்டிய கட்டை நாமே அவிழ்ப்பது சலுகையா? கடனைத் திருப்பிக் கொடுப்பவன் தருமம் செய்ததாகச் சொல்லலாமா?

ஆகவே வாலிபர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் குடத்தை நீங்கள் எடுங்கள்; செல்போனைத் தங்கையிடம் கொடுங்கள். உங்களில் கம்ப்யூட்டர் படித்தவர்கள், கடலில் மூழ்கும் நம் பெண்ணை வைத்து ஒரு விளையாட்டுச் செய்யுங்கள். அவளை மீட்க ஆண் வேண்டாம். ஆயுதம் கொடுக்கத் தெய்வமும் வேண்டாம். துணியைக் குறைக்கவும் வேண்டாம்.

நாம் சொன்னதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். யோசித்துப் பாருங்கள், சரியென்று பட்டால் செய்யுங்கள்.