பனித்தரையும் பள்ளித் திடலும்



சென்ற பள்ளி விடுமுறையில் நம் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பண்டார் சன்வேக்குப் போய் வந்தோம். ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய நிலம் அது. இன்று அங்கே பெரிய பேரங்காடி நிற்கிறது. அதன் உள்ளே ஒரு பனித்தரை இருக்கிறது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே தரை முழுவதும் உறைந்த தண்ணீர்! பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். நாமும் அப்படித்தான் நின்றோம் என்பதை ஒளிப்பானேன்?

காலணியின் அடியில் கத்தி பொருத்திக்கொண்டு, கையில் வளைந்த மட்டையோடு சிலர் அங்கே ஆடிக்கொண்டிருந்தார்கள். அதுதான் பனிக்கட்டி ஹாக்கி. தலைக்கவசமும் தடித்த உடுப்பும் போட்டிருந்தபடியால் யார் யாரென்று தெரியவில்லை. ஆட்டம் முடிந்து ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றியபோது நீண்ட பின்னல் முதுகில் விழுந்தது. உடனே ஆண்டு ஆறில் படிக்கும் நம் மாணவி ஒருத்தி கையைப் பிடித்து இழுத்து, "டீச்சர், டிவியில காட்டுற பெரிய ஆம்பிளைங்க ஆட்டத்துலயும் பொம்பளைங்க ஆட முடியுமா?" என்று கேட்டாள். அவள் சும்மா கேட்கவில்லை. நம் பள்ளியின் காற்பந்துக் குழுவில் பையன்களோடு சேர்ந்து கோல் காப்பவள் அவள்.

பஸ்ஸில் திரும்பும் வழியில் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

ஹாக்கி நமக்குப் புதிதன்று. 1975இல் கோலாலம்பூரில் உலகக் கிண்ணப் போட்டி நடந்தபோது மலேசிய அணி நான்காம் இடம் பெற்றதை நம் தாத்தாமார் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். பனிக்கட்டி ஹாக்கியில் பக்கத்துக்கு ஆறு பேர். அவர்கள் அடிப்பது பந்தை அன்று. வட்டமான, தட்டையான ஒரு வில்லையை. அந்த வில்லை எதனால் ஆனது தெரியுமா? கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பரால்! ஒரு அங்குலக் கனம், மூன்று அங்குல அகலம், ஏறக்குறைய 170 கிராம் எடை. துள்ளாமல் இருக்க ஆட்டத்துக்கு முன் அதைக் குளிரூட்டி உறைய வைக்கிறார்கள். நல்ல ஆட்டக்காரர் அடித்தால் அது மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் பறக்கும்.

இந்த விளையாட்டின் மிக உயர்ந்த மேடை, வட அமெரிக்காவில் 1917இல் தொடங்கிய தேசிய ஹாக்கி லீக். நூறாண்டைத் தாண்டிய அந்த லீக்கின் முறையான போட்டி எதிலும் ஒரு பெண்கூட இதுவரை ஆடியதில்லை. ஆனால் ஒருத்தி வாசற்படி வரை போனார். கனடாவின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த அவர் பெயர் மனோன் ரியோம். தந்தை போட்டுக் கொடுத்த பனித்தரையில் சகோதரர்கள் அடிக்க, இந்தச் சிறுமி கோல் காத்துப் பழகினார். 1992 செப்டம்பர் 23ஆம் நாள், இருபது வயதில், தம்பா பே அணிக்காக ஒரு முன்னோட்டப் போட்டியில் ஒரு பகுதி நேரம் கோல் காத்தார். ஒன்பது அடிகள் வந்தன. ஏழைத் தடுத்தார், இரண்டு உள்ளே போயின. அவரைச் சேர்த்ததில் விளம்பர நோக்கமும் இருந்தது என்பதை அணியினர் மறைக்கவில்லை. அந்த லீக்கின் முறையான போட்டியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவருடைய தம்பி பாஸ்கல், அதே வீட்டுப் பனித்தரையில் வளர்ந்தவர், அந்த லீக்கில் முந்நூறுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே தரை, ஒருவருக்கு முந்நூறு ஆட்டம், மற்றவருக்கு முன்னோட்டம் மட்டும். இது பாரபட்சமா, உடலமைப்பா என்று கேட்டால், இரண்டும் உண்டு என்பதே நேர்மையான விடை.

உடலைப் பற்றி ஒளிவு மறைவின்றிப் பேசுவோம். பருவம் அடையும் வரை ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஓட்டத்தில் பெரிய வேறுபாடு இல்லை. பதினொன்று, பன்னிரண்டு வயதில் வகுப்பை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். பெண் பிள்ளைகள் பலர் பையன்களைவிட உயரமாக நிற்பார்கள். அதன் பிறகுதான் பையன்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் மிகுதியாகச் சுரந்து, தசையும் எலும்பும் நெஞ்சுக்கூடும் வளர்கின்றன. உலகின் வேகமான ஆண் உசைன் போல்ட் 2009இல் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். பெண்களில் புளோரன்ஸ் கிரிபித் ஜாய்னர் 1988இல் 10.49 வினாடியில் ஓடினார். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வேறுபாடு. பனிக்கட்டி ஹாக்கியிலோ வேகம் மட்டும் போதாது. ஆண்கள் ஆட்டத்தில் எதிரியை உடலால் மோதித் தள்ளுவதும் விதிக்கு உட்பட்டதே. அங்கே ஆடுகிறவர்களின் சராசரி எடை 90 கிலோ அளவில் இருக்கிறது.

ஆனாலும் இடைவெளி நாம் நினைக்கும் அளவுக்கு அகலமா? 2019 ஜனவரியில் அந்த லீக்கின் நட்சத்திர ஆட்டக்காரர்களுக்கு வேகப் போட்டி ஒன்று வைத்தார்கள். கெண்டல் கோய்ன் என்னும் அமெரிக்கப் பெண்ணும் அதில் சேர்ந்தார். பனித்தரையை ஒரு சுற்றுச் சுற்ற முதலிடம் பெற்ற ஆணுக்கு 13.378 வினாடி பிடித்தது, அவருக்கு 14.346. ஒரு வினாடிக்கும் குறைவான வேறுபாடு! எட்டுப் பேரில் ஏழாவதாக வந்தார்; கடைசியாக வந்தவர் ஓர் ஆண். 2003இல் கனடாவின் ஹெய்லி விக்கன்ஹைசர் பின்லாந்தில் ஆண்கள் லீக் ஒன்றில் ஆடி, கோலும் போட்டிருந்தார்.

ஆகவே நம் மாணவிக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: கோல் காப்பாளராக ஒரு பெண் என்றேனும் அந்த வாசலைத் தாண்டக்கூடும்; மோதி ஆடும் மற்ற இடங்களில், மிக உச்சியில், அது மிகக் கடினம். அவள் முகம் வாடியது. "அப்படின்னா பொம்பளைங்க ஆட்டம் மட்டம்தானா டீச்சர்?" என்றாள். பஸ்ஸில் நமக்குச் சரியாகப் பதில் சொல்ல வராமல் போனது இந்தக் கேள்விக்குத்தான்.

மட்டம் இல்லை. நம் நாட்டையே பாருங்கள். 1966இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார் எம். ராஜமணி. அதே போட்டியில் டாக்டர் எம். ஜெகதீசன் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் தங்கம் வென்றார். அந்த ஆண்டு நாட்டின் சிறந்த விளையாட்டாளர் விருதை முதன்முதலாக வழங்கியபோது ஆடவரில் ஜெகதீசனுக்கும் மகளிரில் ராஜமணிக்கும் கொடுத்தார்கள். ராஜமணியை ஆண்களோடு ஓடவிட்டிருந்தால் இறுதிச் சுற்றுக்கே வந்திருக்க மாட்டார். அவர் பெயரும் நமக்குத் தெரிந்திராது. பெண்களுக்கென்று ஒரு தடம் போட்டதால் ஆசியாவிலேயே முதல்வரானார்.

ஸ்குவாஷ் ஆட்டத்தில் பினாங்கில் பிறந்த நிக்கோல் டேவிட் எட்டு முறை உலக வெற்றியாளர். 2006 முதல் 2015 வரை இடைவிடாமல் 108 மாதங்கள் உலகின் முதலிடத்தில் இருந்தார். அந்த ஆட்டத்தில் முன்சுவரின் அடியில் தகரப் பட்டை ஒன்று உண்டு. பந்து அதில் பட்டால் புள்ளி போய்விடும். தொழில்முறை ஆண்களுக்கு அதன் உயரம் 17 அங்குலம். தொழில்முறைப் பெண்களுக்கோ 19 அங்குலமாக இருந்தது. பட்டை தாழ்வாக இருந்தால்தான் நுணுக்கமான தாழ்வடிகளுக்கு இடம் கிடைக்கும். பெண்களுக்கு மட்டும் உயரமாக விட்டுவைத்த கோடு அது. 2015இல் அதை 17 அங்குலமாக இறக்கினார்கள். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை, ஆட்டம் சுவைகூடியது. சுங்கைப் பட்டாணியில் பிறந்த சிவசங்கரி அந்தத் தாழ்ந்த பட்டையில் ஆடுகிறவர். 2022இல் கோலாலம்பூர் அருகே நெடுஞ்சாலை விபத்தில் படுகாயமடைந்தார். மறு ஆண்டே சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கத்தோடு திரும்பினார்.

அந்த இரண்டு அங்குலத்தைப் படித்தபோது நமக்குத் தோட்டத்துப் பழைய கணக்கு நினைவுக்கு வந்தது. 1920களின் பிற்பகுதியில் மலாயாவின் பல பகுதிகளில் தோட்டத்து ஆணுக்கு ஒருநாள் கூலி 50 காசு என்றும் பெண்ணுக்கு 40 காசு என்றும் வகுத்திருந்தார்கள். அதே இருட்டில் எழுந்து, அதே பெரட்டுக்கு நின்று, அதே பால்மரத்தைச் சீவிய நம் பாட்டிமாருக்குப் பத்துக் காசு குறைவு. உடல் பலத்தால் வந்த குறைவு எது, கோடு போட்டவர் கையால் வந்த குறைவு எது என்று பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

பனிக்கட்டி ஹாக்கியிலும் கோடு நகர்கிறது. 2024 ஜனவரியில் வட அமெரிக்காவில் மகளிருக்கென்று புதிய தொழில்முறை லீக் ஒன்று ஆடத் தொடங்கியது. அந்த ஏப்ரலில் மொன்ட்ரியால் நகரில் ஒரே ஓர் ஆட்டத்தைக் காண 21,105 பேர் வந்தார்கள். நம் ஊரிலோ 2017இல் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் பனிக்கட்டி ஹாக்கி முதன்முறையாக இடம்பெற்றபோது அது ஆடவருக்கு மட்டுமே நடந்தது.

இனி நம் சொந்தக் கதைக்கு வருவோம். பயிற்சிக் கல்லூரி முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், நம் பள்ளியில் மான்போல ஓடும் பெண் ஒருத்தி இருந்தாள். இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் ஆண்டிலேயே ஓட்டத்தை நிறுத்திவிட்டாள். தாயிடம் கேட்டோம். "பிள்ளை பெரிய மனுஷி ஆயிட்டா டீச்சர். பிராக்டிஸ் முடிஞ்சு இருட்டுல யார் கூட்டிட்டு வர்றது?" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. கடைசி பஸ் போய்விட்டால் நாலு மைல் செம்பனைக் காடு. நாமும் "சரிதாங்க" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டோம். அந்தப் பெண்ணை அண்மையில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் பார்த்தோம். அங்கே கணக்கு எழுதுகிறாள். நலமாகத்தான் இருக்கிறாள். பேச்சுவாக்கில், "இப்ப மகளை ஓடவிட்டிருக்கேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நம்மால் சிரிக்க முடியவில்லை.

அன்று அந்தத் தாய் பெண்ணுடம்பின் பலவீனத்தைக் காரணம் காட்டவில்லை, பஸ்ஸைத்தான் காட்டினார். பஸ்ஸுக்கு வழி தேடாமல் தலையாட்டியது நம் தவறு.

கோல் காக்கும் இந்த மாணவி வருகிற ஆண்டு கிள்ளான் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறாள். அங்கே பெண்கள் குழு இருக்கிறது. பயிற்சி செவ்வாயும் வியாழனும், மாலை ஆறரைக்கு முடிகிறது. ஆறு மணிக்குப் பிறகு நம் தோட்டத்துக்கு பஸ் இல்லை. அதே பள்ளியில் நம் லயத்துப் பிள்ளைகள் இன்னும் இருவர் படிக்கிறார்கள். மூன்று வீட்டாரையும் போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் உட்கார வைத்துப் பேசினோம். பழைய வேன் வைத்திருக்கும் ஒரு தகப்பனார் செவ்வாய்க்கிழமை தாம் போய் அழைத்து வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வியாழனுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.