காடு எனப்படுவது யாது?

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காடுகளைக் காத்தற்கும் பெருக்குதற்கும் நம் மாநில அரசினர் வகுத்துள்ள ஏற்பாட்டைக் குறித்துச் சில சொல்லுமாறு செயலாளர் பணித்தனர். யான் தமிழாசிரியன், வனநூல் வல்லுநன் அல்லேன். ஆயினும் இவ்விஷயம் ஒரு சொல்லின் பொருளிலே வந்து நிற்றலின், என் தொழிலுக்கும் இதில் இடமுண்டெனத் துணிந்தேன்.

2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் வண்டலூரில் பசுமைத் தமிழகம் இயக்கம் தொடங்கப்பெற்றது. மாநிலப் பரப்பில் 23.7 விழுக்காடாயிருந்த காடும் மரப்போர்வையும் பத்தாண்டுகளில் 33 விழுக்காடாக வேண்டுமென்பது அதன் குறிக்கோள். மூன்றிலொரு பங்கு என்னும் இவ்வளவு 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையிலே கண்டது. நோக்கம் நன்று. ஆனால் எதனைக் காடென்று எண்ணுகின்றனர்? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை பத்து விழுக்காடு இருப்பின், மரம் எவ்வினத்தது, நிலம் எவருடையது என நோக்காது, இந்திய வன அளவைத் துறையினர் அதனை வனப்போர்வையுள் அடக்குவர். தென்னந்தோப்பும் அக்கணக்கில் ஏறும், சவுக்குத்தோப்பும் ஏறும்.

நம் முன்னோர் இவ்வாறு மயங்கினாரல்லர். தானே முளைத்துச் செறிந்தது காடு. வைத்து வளர்த்தது தோப்பு. குறுங்காட்டை இறும்பு என்றும், அரணைச் சூழ்ந்த காவற்காட்டை மிளை என்றும் பிரித்துரைத்தனர். நம் திருவள்ளூர் மாவட்டத்து ஊர்ப்பெயர்களை நோக்குமின்: திருவாலங்காடு, திருவேற்காடு, பழவேற்காடு. ஆலும் வேலும் அடர்ந்திருந்தமை பெயர்களிலே நிற்கின்றது.

நீதிமன்றமும் ஒருமுறை அகராதியைத் துணைக்கொண்டது என்றால் வியப்பீர்கள். நீலகிரியிலே கூடலூர்ப் பக்கத்து மரவெட்டைக் குறித்துக் கோதவர்மன் திருமுல்பாடு என்பார் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் உச்சநீதிமன்றத்தார், காடு என்பதற்கு அகராதிப் பொருளே கொள்ளத்தக்கது. நிலம் எவர் கையில் இருப்பினும் வேறுபாடில்லை என்றனர். அரசாங்கப் பதிவேட்டில் காடென்று எழுதப்பெறாத காட்டுக்கும் அதனால் காவல் கிடைத்தது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அப்பொருளைச் சுருக்கிற்று. 2024 பெப்ரவரியில் அந்நீதிமன்றத்தாரே, பழைய பொருளையே கைக்கொள்க என்று இடைக்கால ஆணை பிறப்பித்தனர்.

இது நமக்கு எவ்வாற்றான் உற்றது? கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கங்களில் உள்ள புதர்க்காடுகள் சில வருவாய்க் கணக்கில் 'தரிசு' அல்லது 'புறம்போக்கு' எனவே கிடக்கின்றன. தரிசு என்ற சொல் கண்டவர், ஒன்றும் விளையாத வெற்றுநிலம் என்று கொள்வர். அப்புதரின் வேர் பற்றியிருக்கும் மண்ணே மழையில் கரைந்து ஏரியைத் தூர்க்காமல் நிற்கின்றது என்பது கணக்கில் ஏறாது.

இக்கரையோரத்திற்கு உரிய காடு பாலை, வீரை, காயா முதலிய என்றும் உதிரா இலையுடைய மரங்களாலாயது. அதன் சிறந்த எச்சம் காணவேண்டின் பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் ஆந்திர நாட்டைச் சேர்ந்த ஸ்ரீஹரிகோட்டாத் தீவை நோக்குக. ஒருகாலத்தில் சென்னை நகரத்து அடுப்புகளுக்கு அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே ஓடங்களில் விறகு வந்தது. இன்றோ விண்கலம் ஏவும் நிலையத்தின் வேலிக்குள் அகப்பட்டமையால் அக்காடு பிழைத்து நிற்கின்றது! இக்கரையில் அத்தகைய வேலி ஏது?

ஆலைகளே வேண்டா என்பார் கூற்றை யான் ஏலேன். இவ்வவையில் அமர்ந்துள்ள குடும்பங்கள் பலவற்றுக்குக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஊதியமே சோறு. பழவேற்காட்டு மீனவர்க்கோ அலையாத்திக் காடே சோறு. அவ்வேர்களிடையே அன்றோ இறால் குஞ்சு வளர்கின்றது. ஒருவர் சோற்றுக்காக மற்றொருவர் கலத்தைக் கவிழ்க்காமல் நிலம் வகுப்பதே அரசினர் ஏற்பாட்டுக்கு உரைகல். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை மட்டும் கூறுவாரிடம், மூன்றாம் ஆண்டில் உயிருடன் நின்றவை எத்தனை என்று நாம் வினவவேண்டும்.

இனி நம் வீட்டுச் செய்திக்கு வருவேன், சிலர்க்குக் கசக்கும். நம்மவர் வாழும் ஊர்கள் சிலவற்றில், குலதெய்வக் கோயிலைச் சூழ்ந்த குறுங்காட்டை வெட்டித் திருமண மண்டபமும் வண்டி நிறுத்துமிடமும் அமைக்கக் கருதுகின்றனர். ஈடாக நூறு கன்று நடுவோம் என்கின்றனர். வேம்பும் புங்கமும் விரைவில் வளரும், உண்மை. வீரை மரமொன்று தூண்பருமன் ஆவதற்குப் பேரன் காலம் வரவேண்டும். மண்டபத்தை வேறு பட்டா நிலத்தில் எடுப்பின் தெய்வம் சினவாது. 'தெய்வம் குடியிருக்கும் காடு' என்று பாட்டிமார் சுள்ளியும் ஒடியாது விட்டதை, படித்த நாம் பொறி கொண்டு ஓரிரவில் அழிப்பது எந்தக் கல்வி?

ஆதலின் ஒரு வேண்டுகோள். நம் குலதெய்வக் காடுகள் யாவற்றுக்கும் ஊர், சர்வே எண், பரப்பு, நிற்கும் மரங்கள் என்பவற்றைக் குறித்துச் சங்கம் ஒரு பட்டியல் எடுப்பதாக. அதனை மாவட்டப் பசுமைக் குழுவின் தலைவராகிய ஆட்சியரிடம் கொடுத்து, இவற்றைக் காடென்றே கொள்ளுமாறு விண்ணப்பிக்கலாம். சர்வே எண் அறியாதார் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கவும். அதில் 'தரிசு' என்று எழுதியிருப்பினும் பட்டியலிற் சேர்க்கத் தயங்கற்க.